பழவேற்காட்டு உப்புக்காற்றும் காரின் பானட்டும்

காரின் முன்புறத்தில் எஞ்சினை மூடியிருக்கும் தகட்டை அமெரிக்காவில் ஹூட் என்றும், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பானட் என்றும் அழைப்பார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையின் குப்பங்களுக்கு ஐஸும் மீன் கூடைகளும் ஏற்றி வந்துபோகும் வண்டிகளுள் பலவற்றுக்கு இத்தகைய மூடியே கிடையாது. ஆட்டோவின் எஞ்சின் பின்பக்கத்திலும், டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டியின் எஞ்சின் இருக்கைக்கு அடியிலும் ஒளிந்திருக்கிறது. ஆகவே கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ வாழ்பவருக்குப் பானட் என்பது வாடகைக் காரிலும், விடுமுறை நாளில் பூநாரை பார்க்க வருவோரின் காரிலும் கண்ணில் படும் பளபளப்பு மட்டுமே. மழையும் மணலும் எஞ்சின்மேல் விழாமல் காப்பது, உள்ளிருந்து வரும் இரைச்சலை அடக்குவது, எதிர்க்காற்று வழுக்கிச் செல்ல வழிவிடுவது ஆகியவை அதன் வெளிப்படையான வேலைகள். ஆனால் அதை வடிவமைப்பவரின் கவலை முழுவதும், அந்தத் தகடு எந்த இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும், எந்த இடத்தில் மனமறிந்தே நலிந்து கொடுக்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

ஒரே தகடாகத் தோன்றினாலும் பானட் இரண்டு தகடுகளால் ஆனது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள வெளித்தகடு அழகுக்கும் காற்றோட்டத்துக்கும் உரியது. அதன் அடியில், ஆங்காங்கே வெட்டிக் குறைக்கப்பட்டு விலா எலும்புகளைப் போல் ஓடும் உள்தகடு விறைப்பைத் தருகிறது. வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின்மீது, புடவைக்கு ஓரம் அடிப்பதுபோல், மடித்து அழுத்தியே இரண்டையும் இணைக்கிறார்கள். உள்தகட்டின் குறுக்கே சில பள்ளக் கோடுகளை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. கார் நேருக்கு நேராக மோதும்போது பானட் விறைப்பான பலகையாகவே பின்னோக்கித் தள்ளப்பட்டால் முன்கண்ணாடியைப் பிளந்துகொண்டு ஓட்டுநரின் முகத்தை எட்டிவிடக் கூடும் என்பதால், அது அக்கோடுகளில் முறிந்து கூரைபோல் மேலெழுந்து மடிய வேண்டும் என்பது ஏற்பாடு. விபத்துக்குப் பின் நடுவில் கூம்பி நிற்கும் பானட்டைக் கண்டு வண்டியின் தரத்தைக் குறைசொல்வோர், அது தன் வேலையைச் சரியாக முடித்திருக்கிறது என்பதை அறிவதில்லை.

காருக்கு உள்ளே இருப்பவரைவிட வெளியே நடப்பவருக்கே இந்த நலிவு அதிகம் உதவுகிறது. ஏலத்துக்குக் கூடை சுமந்து செல்லும் பெண்களும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், கையால் இறால் பிடித்துவிட்டுப் பறியோடு திரும்பும் இருளர்களும் நடைபாதை இல்லாத குறுகிய சாலையின் ஓரத்தையே வழியாகக் கொண்ட இப்பகுதியில் இது சிறிய செய்தியன்று. கார் ஒருவரை மோதும்போது பம்பர் காலைத் தட்டிவிட, உடல் சாய்ந்து தலை பானட்டின்மேல் விழுகிறது. தகடு குழிந்து கொடுத்தால் அடியின் வேகம் தணியும், தகட்டுக்குச் சற்றுக் கீழேயே எஞ்சினின் கெட்டியான உலோகம் இருந்தால் தணியாது. இதைச் சோதிக்க, குழந்தையின் தலைக்கு ஈடாக 3.5 கிலோ எடையும் பெரியவரின் தலைக்கு ஈடாக 4.5 கிலோ எடையும் உள்ள உருண்டைகளை மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பானட்டின் பல இடங்களில் மோதவிடும் முறையை 2008ஆம் ஆண்டின் உலகளாவிய விதி வகுத்தது. அதைத் தழுவிய ஏஐஎஸ்-100 என்னும் இந்திய விதி 2018 அக்டோபர் முதல் புதிய மாதிரிகளுக்கு நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்த தகட்டுக்கு முன்னால் இரும்புக் குழாய்களாலான காவல் கம்பியை மாட்டிவிட்டால் கணக்கெல்லாம் வீணாகிவிடும் என்பதால், அக்கம்பிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. கம்பியின்மீதான மோகம் அதனால் தீர்ந்துவிடவில்லை.

நலிய வேண்டிய தகட்டைப் பிடித்திருக்கும் பூட்டோ சற்றும் நலியக் கூடாது. ஓட்டுநரின் காலருகே உள்ள பிடியை இழுத்தால் ஒரு கேபிள் வழியாக முதல் பூட்டு மட்டுமே விடுபடும். முன்விளிம்பின் அடியில் விரலை விட்டு இரண்டாவது கொக்கியையும் தள்ளினால்தான் பானட் முழுமையாகத் திறக்கும். ஓடும்போது முதல் பூட்டு நழுவினாலும், காற்று தகட்டைத் தூக்கிக் கண்ணாடியின்மேல் அறைந்து சாலையை மறைத்துவிடாமல் தடுப்பது இந்த இரண்டாவது கொக்கிதான். கடற்கரையில் நிறுத்தித் திறக்கும்போதும் காற்றின் திசையைப் பார்ப்பது நல்லது. தாங்கு கம்பி பானட் கீழே விழாமல் காக்குமே தவிர, எதிரே வீசும் காற்று அதைப் பின்னோக்கி வளைக்காமல் காக்காது. வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரில் ஓடும்போது பானட் திறந்துகொள்ளும் தொல்லை இருக்கவில்லை. அதன் பானட், சக்கரங்களின் மேலுள்ள பக்கத் தகடுகளோடு சேர்ந்து ஒரே கூடாக முன்பக்கம் கவிழ்ந்து திறந்ததால், ஓடும்போது எதிர்க்காற்று அதை இன்னும் இறுக மூடியது. திறந்து வைத்தாலோ மெக்கானிக் சக்கரத்தின்மேல் உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்க முடிந்தது.

பழவேற்காட்டில் பானட்டின் உண்மையான பகை காற்றன்று, காற்றிலுள்ள உப்பு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியதான இந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இருக்கும் ஊர்களுக்கு இரு பக்கமும் உப்புநீர். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை ஈர்த்துக் கசியும். ஆனால் கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும் என்பதால், வெயிலில் காய்ந்ததாகத் தோன்றும் தகட்டின்மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் தங்கியிருக்கிறது. நடுவெளியில் பெயிண்டும் அதன் கீழுள்ள துத்தநாகப் பூச்சும் இரும்பைக் காக்கின்றன; துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைப் பிழைக்கவைக்கும். ஆனால் மேலே சொன்ன மடிப்பு ஓரத்துக்குள் புகுந்த உப்பு வெளியேற வழியின்றி உள்ளிருந்தே தின்னத் தொடங்குகிறது; முன்விளிம்பில் பெயிண்ட் கொப்புளம்போல் எழும்போது அடியில் துரு வெகுதூரம் போயிருக்கும். அந்நிலையில் டிங்கரிங் செய்து பட்டி பூசுவது தோற்றத்தை மீட்கும், தகட்டை மீட்காது; எங்கே மடிய வேண்டும் என்று வடிவமைத்தவர் குறித்தாரோ அங்கே மடியாமல், துரு தின்ற இடத்தில் கிழியும். கொக்கியின் வில்லும் கேபிளும் துருப்பிடித்து இறுகினால் அதைவிட ஆபத்து.

ஏரிக்குத் தெற்கே எண்ணூரில், 2001இல் தொடங்கி 2014இல் காமராசர் பெயர் சூட்டப்பட்ட துறைமுகத்தின் வழியாகத்தான் ஒரகடத்தில் தயாராகும் நிசான் கார்கள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. 2022இல் இந்தியாவிலிருந்து அந்நிறுவனம் ஏற்றுமதி செய்த கார்களின் மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. கப்பலுக்காகக் காத்துக் கிடக்கும் அந்தப் புதுக் கார்களின் பானட்டுகள் முதன்முதலில் சுவைப்பதும் இதே உப்புக்காற்றைத்தான்.

வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் பானட்டின் மேற்புறத்தையும், திறந்து உள்விளிம்பையும் கழுவி, அங்குள்ள வடிதுளைகளில் அடைத்த மணலைக் குத்தி எடுத்து, பூட்டுக்கும் கீலுக்கும் கிரீஸ் தடவுவதே பரிகாரம். நாட்டுப்படகின் வெளிப்பொருத்து எஞ்சினுக்குள் நன்னீர் ஓடவிட்டு உப்பைக் கழுவுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் ஏரிக்கரையின் பல ஊர்களில் நிலத்தடி நீரே உவராகிவிட்டதால், அங்கே அடிபம்பு நீரால் கழுவிய கார் உலர்ந்ததும் பானட்டின்மேல் வெண்மையாக ஒரு பூ பூத்திருக்கும். நல்ல தண்ணீரோ குடத்தில் அளந்து வைக்கப்பட்டிருக்கும்.