கனம் வைக்கவும் விதையில் கலக்கவும் கல் தூள் வேண்டாம்

ஆற்று மணல் அரிதாகிவிட்ட நிலையில், ஜல்லி ஆலைகளில் மிஞ்சும் கல் தூளைப் பண்ணை வேலைகளுக்கும் வாங்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. புதுச்சேரியை அடுத்த திருவக்கரைப் பகுதியில் கல் குவாரிகள் இருப்பதால், தவளக்குப்பம் போன்ற ஊர்களில் இத்தூள் எளிதில் கிடைக்கும். ஆனால் ஊறுகாய்ப்புல் குழியை மூடும் விரிப்பின் மேல் கனமாக வைப்பதற்கோ, எள் விதையுடன் கலந்து தூவுவதற்கோ இது ஏற்றதன்று.

கருங்கல்லில் குவார்ட்ஸ் எனும் படிக சிலிக்கா உள்ளது. ஆற்று மணலிலும் அது உண்டு. ஆயினும் மணல் பருமனானதால் மூச்சுடன் ஆழமாகச் செல்வதில்லை. அரைத்த கல் தூளிலோ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் கலந்திருக்கும். இவை தனித்தனியே கண்ணுக்குத் தெரியா. காற்றில் நெடுநேரம் மிதந்து, நுரையீரலின் சிற்றறைகளில் தங்கித் தழும்பை உண்டாக்கும். இதுவே சிலிகோசிஸ். பெரும்பாலும் பல ஆண்டுகள் தூசியைச் சுவாசித்த பின்னரே இது வெளிப்படும். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. காசநோயும் எளிதில் பற்றும். படிக சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் அறிவித்தது.

உமிச் சாம்பலிலும் எச்சரிக்கை தேவை. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் சிலிக்கா. கடும் சூட்டில் எரிந்த ஆலைச் சாம்பலில் அது படிகமாக மாறியிருக்கலாம்.

மாற்று வழிகள் பல உள்ளன:

1. விரிப்பின் மேல் பழைய டயர்கள், முழுச் செங்கற்கள் அல்லது தண்ணீர் நிரப்பிய கேன்களை வைக்கலாம். 20 லிட்டர் கேன் 20 கிலோ கனம் தரும்.

2. மூட்டைதான் வேண்டுமெனில், ஈரமான தோட்ட மண்ணை இரட்டைச் சாக்கில் கட்டவும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் நைந்துவிடும், கிழியுமுன் மாற்றவும்.

3. எள் விதைக்க, விதையைப் போல் 4 மடங்கு பருமணலைக் கழுவி உலர்த்திக் கலக்கவும். மணல் கிடைக்காவிடில், சலித்த மக்கிய தொழு உரம் போதும்.

4. கல் தூளைக் கையாள நேர்ந்தால் முதலில் தண்ணீர் தெளிக்கவும். உலர்ந்த தூளைப் பெருக்கவோ சலிக்கவோ கூடாது. தலைத்துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் அணியவும்.

குவாரி வேலைக்கும் சென்று வருவோருக்கு இருமலோ மூச்சிரைப்போ நீடித்தால், மருத்துவரிடம் தூசி வேலையைப் பற்றித் தாமே கூறுதல் அவசியம். அதைக் கூறாவிடில், காசநோய் என்று மட்டும் கருதிச் சிலிகோசிஸ் கண்டறியப்படாமல் போகக்கூடும்.