உங்களுக்குத் தெரியுமா? பழைய வீடியோ கேமும் சட்டமும்

◆ கம்ப்யூட்டரையும் செல்போனையும் பழைய கேம் கருவிபோல இயங்கவைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். பிளேஸ்டேஷன் கேம்களை மேக் கம்ப்யூட்டரில் ஓடவைத்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்குப் போட்டது. 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது.

◆ பெரும்பாலான சிக்கல் ‘ரோம்’ கோப்பில்தான் வருகிறது. கேசட்டின் சிப்பில் இருக்கும் கேமை அப்படியே படியெடுத்தால் அது ரோம். அனுமதியில்லாமல் அவற்றைப் பரப்பிய லவ்ரோம்ஸ் தளத்தின் மீது 2018-இல் நின்டெண்டோ வழக்குத் தொடுத்தது. தளத்தை நடத்தியவர்கள் 1.2 கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

◆ ‘ரோமை இறக்கி 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் தப்பில்லை’ என்பது வெறும் கட்டுக்கதை. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை.

◆ நம் நாட்டில்? சட்டப்படி வாங்கிய சொந்தப் பிரதியிலிருந்து, வணிக நோக்கமின்றித் தன் உபயோகத்துக்கு மென்பொருளை நகலெடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. முகம் தெரியாத யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த கோப்பு இதில் சேராது.

◆ 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டு பதிப்புரிமை. 2081 பிறந்தால்தான் அது பொதுச்சொத்து!

◆ 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று 2023-இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை கணக்கெடுத்துச் சொன்னது. நூலகங்களில் இருக்கும் அத்தகைய கேம்களை ஆய்வாளர்கள் தம் இடத்திலிருந்தே இணையவழியில் பார்க்க அனுமதி கேட்கப்பட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. கடையில் கிடைக்கும் கேமைக் காசு கொடுக்காமல் இறக்குவது அதை உருவாக்கியவர்களின் கூலியில் கைவைப்பது; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உரிமையாளர் தானும் விற்காமல், நூலகமும் கொடுக்க முடியாமல் ஒரு கலைப்படைப்பைப் பூட்டிவைத்தால் யாருக்கு என்ன லாபம்? சட்டம் இங்கே மாறித்தான் ஆக வேண்டும்.

◆ 2018-இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் கருவிக்குள் சோனி பயன்படுத்தியது, ஆர்வலர்கள் எழுதித் திறந்த மூலநிரலாகத் தந்த எமுலேட்டரை!

◆ எந்தப் பயமும் இல்லாமல் ஆடப் பழைய கேம் வேண்டுமா? பெதஸ்டா நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ‘அரீனா’வை 2004-இலும், 1996-இல் வெளியிட்ட ‘டாகர்ஃபால்’ கேமை 2009-இலும் இலவசமாகவே தந்துவிட்டது. டாஸ்பாக்ஸ் எமுலேட்டர் இருந்தால் இன்றைய கம்ப்யூட்டரிலும் இரண்டும் ஓடும்.