குட்டைக் காதுக்காரன் வந்துட்டான்!

முகமூடி, கையுறை, தலைக்குல்லா எல்லாம் மாட்டியாச்சா? சத்தம் போடாமல் வாங்க. அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில், பார் ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூரில் 1929 முதல் இருக்கிறது ஜாக்சன் ஆய்வகம். அதன் எலிக்கூடத்துக்குள்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம்.

அடுக்கடுக்காகக் கூண்டுகள். தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே இணைசேர்த்து வளர்த்ததால், அச்சடித்த மாதிரிச் சுண்டெலிகள்! அதனால்தான் ஒன்றே ஒன்று மாறிப் பிறந்தாலும் மாட்டிக்கொள்ளும். யாரிடம்? பெரிய பெரிய விஞ்ஞானிகளிடம் இல்லை. தினமும் கூண்டு மாற்றித் தீனி போடுகிற பராமரிப்பாளரிடம். “ஏய், இவன் காதைப் பாரேன்!” அப்படிச் சிக்கும் விசித்திரங்களைக் கொண்டுவந்து காட்டவே அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. பெயர், ‘டீவியன்ட் சர்ச்’, அதாவது மாறுபட்டவர்களைத் தேடும் வேட்டை. துப்பறியும் படத்துக்கே வைக்கலாம்!

காது கோணியிருந்தால் மட்டும் போதாது. கூண்டுச் சண்டையில் கடிபட்டிருக்கலாம். சாதா எலியோடு இணைசேர்த்துப் பார்க்க வேண்டும். சுண்டெலிக்குக் கர்ப்பம் மூன்றே வாரம், ரொம்ப நாள் தவிக்க வேண்டாம். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒழுங்கான காது. அவற்றுக்குள் இணைசேர்த்தால் பேரப்பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குத் தாத்தா காது! வந்துட்டான்யா! தானாக நேர்ந்த, ஒடுங்கி நிற்கும் மரபணு மாற்றம் அது.

இந்தக் காது வகையறாவில் எனக்குப் பிடித்த நட்சத்திரம், 1921-இல் மரபியலாளர் கிளாரா லிஞ்ச் அறிவித்த ‘குட்டைக் காது’. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் மரபியலாளர் வில்லியம் ரஸ்ஸல் அதைக் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கவே பயன்படுத்தினார். கதிர்பட்ட சாதா ஆணையும் குட்டைக் காதுப் பெண்ணையும் சேர்ப்பார்கள். குட்டிக்குக் காது குட்டையா? அப்பனின் மரபணு அடிவாங்கியிருக்கிறது!

இத்தனை வேலை வாங்கியும், அது எந்த மரபணு என்று யாருக்கும் தெரியாது. 1992-இல்தான் டேவிட் கிங்ஸ்லி குழு பிடித்தது: பிஎம்பி5. எலும்பும் குருத்தெலும்பும் உருவாகச் சொல்லும் புரதத்தின் மரபணு. அட, குட்டைக் காதுக்காரனின் உள்ளே பார்த்தால் ஒரு ஜோடி விலா எலும்பே காணோம். எலும்பு முறிந்தாலும் சரியாகக் கூடாது. காது வெறும் பெயர்ப்பலகை, ஆசாமி எலும்பு இலாகா!