வீடும் தன்னிறைவும்: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீடற்ற குடும்பங்கள் பற்றிய ஒரு நோக்கு

வீடற்றோர் என்றதும் தெருவோரத்திலே துயிலும் தனியனின் உருவமே நம் மனக்கண்முன் எழுகின்றது. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980களில் தங்குமடங்களை நாடியோருள் பிள்ளைகளோடு வந்த தாய்மாரும் பெருந்தொகையினராயிருந்தனர். குறைந்த வாடகை வீடுகள் நகரங்களில் அருகிக்கொண்டிருந்த காலம் அது. புதிய பொது வீடமைப்புக்கான நிதியை நிக்சன் நிர்வாகம் 1973இல் இடைநிறுத்தியிருந்தது. 1974இல் உருவான வாடகை உதவித் திட்டம் அவ்விடத்தை முழுமையாக நிரப்பவில்லை. றேகன் ஆட்சியிலோ புதிய ஒதுக்கீடுகள் பெரிதும் வெட்டப்பட்டன. ஆக, வருவாய்க்கும் வாடகைக்கும் இடைப்பட்ட பள்ளத்திலேயே இக்குடும்பங்கள் வீழ்ந்தன எனலாம்.

எனினும், 1987ஆம் ஆண்டின் மக்கினி சட்டத்தின்கீழ் வளர்ந்த திட்டங்களிற் பல, பள்ளத்தை விடுத்து வீழ்ந்தவர்களையே நோக்கின. ‘இடைக்கால வீடு’ எனும் அமைப்பு இதற்குத் தக்க சான்றாகும். குடும்பமொன்றுக்கு 24 மாதங்கள் வரை தங்குமிடம் வழங்கப்படும். அதனுடன் சமூகசேவை உத்தியோகத்தரின் மேற்பார்வையும், தொழிற்பயிற்சியும், பிள்ளை வளர்ப்பு, வரவுசெலவு முதலிய விடயங்களில் வகுப்புகளும் சேரும். விருந்தினரை வரவேற்பதற்கும் இரவில் வீடு திரும்புவதற்கும் விதிகள் விதிக்கும் நிலையங்களும் உண்டு. இவற்றையெல்லாம் நிறைவேற்றித் ‘தன்னிறைவு’ எய்திய குடும்பம், காலக்கெடு முடிவில் சந்தை வாடகைக்கு வீடு பெறும் என்பது எதிர்பார்ப்பு. நல்லெண்ணமும் உழைப்பும் மிக்க ஊழியர் பலர் இந்நிலையங்களிற் பணியாற்றினர் என்பதை மறுத்தலாகாது. ஆயினும் இவ்வமைப்பினுள் ஓர் எடுகோள் பொதிந்துள்ளது: வீடின்மை குடும்பத்தின் குறைபாடு, குறைபாடு நீங்கிய பின்னரே நிலையான வீடு. லொஸ் ஏஞ்சல்சில் 1988இல் ‘பியோண்ட் ஷெல்டர்’ அமைப்பை நிறுவிய தான்யா டல் இவ்வரிசையை மாற்றினார். முதலில் நிரந்தர வாடகை வீடு. சேவைகள் அவ்வீட்டைத் தேடிச் செல்லும்.

இவ்விரு வழிகளுள் எது பயன்தருவது என்ற வினா நீண்டகாலம் நம்பிக்கையளவிலேயே நின்றது. அமெரிக்க வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களம் நடத்திய ஆய்வொன்று அதனைச் சோதனைக்கு உட்படுத்தியது. 2010 செப்டெம்பருக்கும் 2012 ஜனவரிக்கும் இடையில் 12 பிரதேசங்களில், தங்குமடங்களில் ஒரு வாரமேனும் கழித்த 2,282 குடும்பங்கள் இதிற் சேர்க்கப்பட்டன. இவற்றுள் மிகப் பொதுவானது, ஏறத்தாழ 29 வயதுத் தாயும் ஓரிரு பிள்ளைகளும் கொண்ட குடும்பம். நீண்டகால வாடகை மானியம், குறுகியகால வாடகை உதவி, இடைக்கால வீடு, வழமையான உதவி ஆகிய நான்கனுள் ஒன்று குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டது.

37 மாத முடிவுகள் 2016இல் வெளியாயின. நீண்டகால மானியம் ஒதுக்கப்பட்ட குடும்பங்களிடையே வீடின்மை, வழமையான உதவி பெற்றோரிடையே காணப்பட்டதன் அரைவாசிக்கும் குறைவாயிற்று. உணவுத் தட்டுப்பாடும், துணைவரால் நேரும் வன்முறையும், தாயின் மனவுளைச்சலும், பிள்ளைகள் பாடசாலை மாறுதலும் குறைந்தன. வாடகைக்கு மாத்திரமே வழங்கப்பட்ட பணம் இத்தனை துறைகளிலும் பயன் தந்தமை மனங்கொளத்தக்கது. மேலதிகச் செலவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பதே. இடைக்கால வீடோ, தான் பயிற்றுவிக்க முனைந்த தன்னிறைவில் குறிப்பிடத்தக்க உயர்வு எதனையும் காட்டவில்லை; அது ஒதுக்கப்பட்டோருள் ஏறத்தாழ அரைவாசியினரே அங்கு குடிபுகுந்தனர். குறுகியகால உதவியின் பெறுபேறுகள் வழமையான உதவியினின்றும் பெரிதும் வேறுபடவில்லை. செலவு மட்டும் குறைந்தது.

இம்முடிவுகளில் முற்போக்காளர்க்கு உவப்பில்லாத ஒன்றும் உண்டு. மானியம் பெற்றோரிடையே தொழில் செய்தோர் தொகை உயரவில்லை. ஓரளவு குறையவே செய்தது. வீட்டைக் கொடுத்தால் வருவாய் தானே பெருகும் என வாதிடுவோர் இதனை மறைத்தல் முறையன்று. வீடு வன்முறையைக் குறைக்கலாம், பிள்ளையை ஒரே பாடசாலையில் நிலைக்கச் செய்யலாம். கூலியை உயர்த்தும் ஆற்றல் அதற்கு இல்லை. அவ்வாற்றல் வகுப்புகளுக்கும் இல்லை என்பதே ஆய்வின் மறுபாதி.

1990இல் உருவாக்கப்பட்ட ‘குடும்பத் தன்னிறைவுத் திட்டம்’ இவ்விடத்து நோக்கத்தக்கது. வாடகை உதவி பெறும் குடும்பம் பொதுவாகத் தன் வருவாயில் நூற்றுக்கு முப்பதை வாடகையாகச் செலுத்தும். எனவே கூலி உயரின் வாடகையும் உயரும். உழைப்பின் பயனில் ஒரு பங்கு கையிலிருந்து நழுவும். இத்திட்டமோ அவ்வுயர்வுக்கு ஈடான தொகையைக் குடும்பத்தின் பெயரில் வைப்பிலிடுகின்றது. மாத வருவாய் 500 டொலரிலிருந்து 900 டொலராகும்போது வாடகை 150இலிருந்து 270 ஆகுமெனக் கொண்டால், மாதந்தோறும் 120 டொலர் சேரும். வழமையாக ஐந்தாண்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றியோர் அதனைப் பெறுவர். சேமிப்பு உண்மையானது. ஆயினும் 2012இல் ஆரம்பித்த தேசிய மதிப்பீடு, பங்குபற்றியோரின் சராசரி வருவாயை இத்திட்டம் உயர்த்தியதாகக் காணவில்லை. இந்நிலையில் ‘தன்னிறைவு’ என்ற சொல்லையே மறுபரிசீலனை செய்தல் வேண்டும். முழுநேரக் கூலியும் வாடகைக்குப் போதாத நகரில், மானியமின்றி வாழ்தல் என்பதைத் தாயொருத்தியின் ஒழுக்கத்துக்கு அளவுகோலாக்குவது எவ்வாறு பொருந்தும்?

வருவாய் அடிப்படையில் வாடகை உதவிக்குத் தகுதியுடைய குடும்பங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றே அதனைப் பெறுகின்றது. ஏனையோர் காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்கிற் கிடக்கின்றனர். பட்டியலே மூடப்பட்ட நகரங்களும் உள. அது மீளத் திறக்கப்படுமிடத்து, விண்ணப்பதாரர் மிகுதியால், பல இடங்களில் குலுக்கல் முறையிலேயே பெயர்கள் தெரிவுசெய்யப்படுகின்றன. ஆய்வாளர் ஒப்பீட்டின்பொருட்டுக் கையாண்ட முறை, அங்கு அன்றாட நிர்வாக நடைமுறையாகவும் உள்ளது.