48 மணி நேரத்தில் ஒரு பேய்ப் படம்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் பார்க்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம், போட்டோக்களைச் சேமித்து வைக்கிறோம். இதற்கு மேல் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு குறும்படம் எடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில். அதிலும் பேய்ப் படம் என்றால் செலவு குறைவு. இருட்டுக்குக் காசு தர வேண்டியதில்லை!

நானும் நான்கு நண்பர்களும் சென்னையில் நடந்த ஒரு 48 மணி நேரக் குறும்படப் போட்டியில் கலந்து கொண்டோம். ஐந்து பேருமே சாப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள். சினிமா பார்த்திருக்கிறோமே தவிர எடுத்ததில்லை. அந்த இரண்டு நாட்களில் கற்றுக்கொண்டதையும், நான் செய்த ஒரு பெரிய தவறையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவுக்கும் இது உதவும்.

இது என்ன போட்டி?

இந்த வகைப் போட்டிகளுக்கு முன்னோடி, 2001-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தொடங்கிய 48 ஹவர் பிலிம் ப்ராஜெக்ட். வெள்ளிக்கிழமை மாலை சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் நகைச்சுவை, காதல், திகில் என்று ஒரு வகையைத் தருவார்கள். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் உண்டு. முன்பே எடுத்த படத்தைக் கொண்டு வந்து தந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஞாயிறு மாலைக்குள் படம் முடிந்து கைக்கு வர வேண்டும்.

நாங்கள் கலந்து கொண்ட போட்டியிலும் ஏறக்குறைய இதே விதிகள்தான். வெள்ளி மாலை 7 மணிக்கு எங்களுக்கு வந்த சீட்டு: திகில். பொருள்: குடை.

"சாதாரண வீட்டில் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?" என்று நினைக்க வேண்டாம். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற ஆங்கிலப் படத்தை எடுத்த ஓரன் பெலி ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமர். தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலர் செலவில், ஒரு வாரத்தில் படப்பிடிப்பை முடித்தார். 2009-ல் பரவலாக வெளியான அந்தப் படம் உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் சாண்ட்பெர்க், மனைவியை நடிக்க வைத்து வீட்டிலேயே எடுத்த 'லைட்ஸ் அவுட்' (2013) மூன்று நிமிடம் கூட இல்லை. அதுவும் ஒரு போட்டிக்காக எடுத்ததுதான். 2016-ல் அது முழு நீள ஹாலிவுட் படமானது.

கதையும் பாட்டியும்

இருப்பதை வைத்துக் கதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். இருந்தது வேளச்சேரியில் ஒரு நண்பரின் இரண்டு படுக்கையறை வீடு. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய பாட்டியும் இருந்தார். அரை மணி நேரத்தில் கதை தயார்.

இரவு, கரன்ட் இல்லை. தனியாக இருக்கும் இளைஞனைச் சமையலறையிலிருந்து பாட்டி சாப்பிடக் கூப்பிடுகிறார். அவன் எழுந்து போகும்போது போன் அடிக்கிறது. ஊரிலிருந்து பேசுவதும் பாட்டிதான்! அப்படியென்றால் உள்ளே இருப்பது யார்? மழையே பெய்யாத அந்த இரவில், வாசலில் ஒரு குடையிலிருந்து நீர் சொட்டிக் கொண்டிருக்கிறது.

பாட்டி முதலில் மறுத்துவிட்டார். "ராத்திரி நேரத்துல எதுக்குப்பா இந்த வேலையெல்லாம்?" என்றவர், கதையைக் கேட்டதும் "அப்ப நான்தான் பேயா?" என்று சிரித்து, ஒத்துக் கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிறு அதிகாலை ரயிலில் அவர் மயிலாடுதுறைக்குப் போக வேண்டும். எனவே அவர் வரும் காட்சிகளைச் சனி இரவுக்குள் எடுத்தாக வேண்டும்.

இருட்டை எப்படிப் படம் பிடிப்பது?

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, லைட்டை அணைத்துவிட்டு எடுப்பது. கேமராவோ மொபைலோ, வெளிச்சம் போதாவிட்டால் தானாகவே படத்தைப் பிரகாசமாக்கப் பார்க்கும். கிடைப்பது இருட்டு அல்ல. புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறப் படம்தான்.

சரியான வழி: போதிய வெளிச்சத்தில் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் இருட்டாக்குவது. நாங்கள் ஒரே ஒரு டேபிள் லேம்ப்பை ஆளுக்குப் பக்கவாட்டில் வைத்தோம். முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சம், மறு பாதியில் நிழல். பகலில் எடுக்க வேண்டிய ஷாட்களுக்கு ஜன்னல்களில் கறுப்புப் போர்வையைக் கட்டினோம்.

மொபைலில் எடுப்பவர்கள், திரையில் முகத்தின் மேல் விரலைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கவும். பெரும்பாலான போன்களில் போகஸும் வெளிச்ச அளவும் அப்படியே பூட்டிக் கொள்ளும். காட்சியின் நடுவில் வெளிச்சம் ஏறி இறங்காது.

இன்னொன்று, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்இடி பல்புகளின் கீழ் எடுத்தால் படத்தில் கோடுகள் ஓடும். கேமராவில் வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் இது மறையும்.

பாதிப் பயம் காதில்தான்

கேமராவில் உள்ள மைக் தூரத்தில் இருப்பதால் பாட்டியின் குரல் மின்விசிறிச் சத்தத்தில் மூழ்கிவிட்டது. எனவே பேனை அணைத்துவிட்டு, என் மொபைலின் வாய்ஸ் ரெக்கார்டரைப் பாட்டிக்கு அருகில் வைத்து, வசனங்களைத் தனியாக ஒருமுறை பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். கூடவே, யாரும் பேசாமல் 30 வினாடி வெறும் அறையின் ஓசையையும் பதிந்தேன். இது ஏன் என்று பாட்டி கேட்டார். அப்போது எனக்கே முழுதாகத் தெரியாது!

அந்த 30 வினாடிதான் பிறகு கை கொடுத்தது. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் அந்த வெறும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் சென்று, கெட் நாய்ஸ் ப்ரொபைல் என்பதை அழுத்தவும். பிறகு முழு ஒலியையும் தேர்ந்தெடுத்து, அதே எபெக்டைக் கொடுத்தால் பின்னணி இரைச்சல் பெருமளவு குறையும்.

பேயின் முனகலுக்கு எங்கும் தேடவில்லை. ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் இழுத்துப் பதிவு செய்தோம். ஆடாசிட்டியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்ததும், அதைக் கேட்ட எங்களுக்கே குளிர் விட்டது.

நான் செய்த தவறு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனி நள்ளிரவு ஒரு மணிக்குப் படப்பிடிப்பு முடிந்தது. தீக்குச்சி வெளிச்சத்தில் பாட்டியின் முகம் மெல்லத் திரும்பும் கடைசி ஷாட்டை எடுத்தபோது எல்லோரும் கை தட்டினோம். மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டு, உள்ளே இருந்த போல்டரைக் காப்பி செய்துவிட்டுத் தூங்கினேன். விடியற்காலையில் பாட்டி ரயில் ஏறிவிட்டார்.

காலை 8 மணிக்கு, மீதமிருந்த குடை ஷாட்டை எடுப்பதற்காகக் கார்டை கேமராவிலேயே பார்மட் செய்தேன். ஒரு ஷாட் எடுத்தோம். பிறகு எடிட்டிங்கிற்கு உட்கார்ந்தால், இரவு 10 மணிக்குப் பிறகு எடுத்த எந்தக் காட்சியும் லேப்டாப்பில் இல்லை!

நடந்தது இதுதான். கேமராக்கள் படங்களை டிசிஐஎம் என்ற போல்டருக்குள் துணைப் போல்டர்களில் வைக்கும். பைல் எண் 9999-ஐத் தாண்டியதும், புதிதாக இன்னொரு துணைப் போல்டரைத் திறந்துவிடும். நண்பரின் பழைய கேமராவில் அன்றிரவு அப்படி ஆகியிருக்கிறது. முதல் போல்டரை மட்டும் காப்பி செய்த நான், இரண்டாவதைப் பார்க்கவே இல்லை. 11 கிளிப்கள் போய்விட்டன. நண்பர் என்னைத் திட்டவில்லை. "பாட்டியை எப்படிடா திரும்பக் கூப்பிடறது?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

போனது திரும்புமா?

பெரும்பாலும் திரும்பும், உடனே நிறுத்தினால். சாதாரணமாக பார்மட் செய்யும்போது கார்டில் உள்ள டேட்டா அழிவதில்லை. எந்த பைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அழிகிறது. புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்தது போல. புதிதாக எதையாவது பதியும்போதுதான் பழைய பக்கங்களின் மேல் எழுதப்படும். எனவே இப்படி நேர்ந்தால், அந்தக் கார்டில் ஒரு போட்டோ கூட எடுக்க வேண்டாம். கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறிய லாக்கைத் தள்ளி வைத்துவிடவும்.

போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேர், டெஸ்ட்டிஸ்க் என்ற தொகுப்புடன் சேர்ந்து வருகிறது. அதில் க்யூ-போட்டோரெக் என்ற பைலை இயக்கினால் மவுஸ் கொண்டு பயன்படுத்தலாம். மெமரி கார்டைத் தேர்ந்தெடுக்கவும். முழுக் கார்டிலும் தேடச் சொல்லவும். மீட்ட பைல்களைச் சேமிக்க, கார்டை அல்ல, கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரைக் காட்டவும். பிறகு சர்ச் பட்டனை அழுத்தவும்.

முக்கால் மணி நேரம் ஐந்து பேரும் அந்தத் திரையையே பார்த்துக் கொண்டிருந்தோம். படத்தில் இருந்ததை விடப் பெரிய திகில் அது. 11 கிளிப்களில் 8 சரியாக வந்தன. 3 திறக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று, பாட்டியின் தீக்குச்சி ஷாட்.

ஒரு எச்சரிக்கை: இந்த வழி மெமரி கார்டுக்கும் பென் டிரைவுக்கும்தான் அதிகம் பொருந்தும். மொபைலின் உள் மெமரியிலும், எஸ்எஸ்டி டிரைவிலும் அழித்த டேட்டா விரைவிலேயே உண்மையாகவே துடைக்கப்பட்டுவிடும். அங்கே நம்பிக்கை வைக்க வேண்டாம்.

எடிட்டிங் மேசையில்

மணி பத்து. இன்னும் ஒன்பது மணி நேரம். முகம் இல்லை, ஆனால் குரல் என் மொபைலில் இருந்தது. எனவே கிளைமாக்ஸை மாற்றினோம். இளைஞன் போனைக் காதில் வைத்தபடி சமையலறைக் கதவைப் பார்க்கிறான். கதவின் கீழ் இடுக்கில் மட்டும் மெல்லிய வெளிச்சம். திரை இருண்டே இருக்கிறது. உள்ளிருந்து பாட்டியின் குரல், மிக அன்பாக: "சாப்பாடு ஆறுதுப்பா, வா."

அவ்வளவுதான். முகத்தைக் காட்டியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது என்று எடிட் செய்யும்போதே தெரிந்தது.

எடிட்டிங்கிற்கு ஷாட்கட் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தினோம். 8 ஜிபி ராம் உள்ள என் லேப்டாப் திணறியது. உங்களுக்கும் அப்படி ஆனால் செட்டிங்ஸ் மெனுவில் ப்ராக்சி சென்று, யூஸ் ப்ராக்சி என்பதை டிக் செய்யவும். எடிட்டிங்கின்போது சிறிய நகல் பைல்கள் ஓடும். படத்தை வெளியே எடுக்கும்போது ஒரிஜினல் பயன்படும்.

மொபைல் வீடியோக்களில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். இதனால் உதட்டசைவும் ஒலியும் விலகிப் போகலாம். இப்படிப்பட்ட பைலைத் திறக்கும்போது மாற்றித் தரட்டுமா என்று ஷாட்கட் கேட்டால், சரி என்று சொல்லிவிடவும்.

ஆள் திடீரென மறைந்து தோன்ற வேண்டுமா? கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, ஆளுடன் ஒரு முறை, ஆள் இல்லாமல் ஒரு முறை எடுக்கவும். இரண்டையும் இரு வீடியோ டிராக்குகளில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதற்கு மாஸ்க் பில்டர் கொடுத்தால், வேண்டிய பகுதி மட்டும் தெரியும்.

கடைசியாக, ஏற்றுமதி நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ஐந்து நிமிடப் படம், 1080பி அளவில், வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் சுமார் 300 எம்பி வரும். 2 மெகாபிட் வேகத்தில் அதை அப்லோட் செய்ய 20 நிமிடம் ஆகும். நாங்கள் படத்தை அனுப்பி முடித்தபோது மணி 6:41. பத்தொன்பது நிமிடம் மிச்சம்!

மறக்கக் கூடாதவை

1. கார்டிலிருந்து டிசிஐஎம் போல்டரை முழுமையாகக் காப்பி செய்யவும்.
2. இரண்டு பக்கமும் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பார்க்கவும்.
3. இரண்டு இடங்களில் காப்பி இருந்தால் மட்டுமே கார்டை பார்மட் செய்யவும். அதற்கும் முன் கடைசி கிளிப்பை ஒருமுறை ஓட விட்டுப் பார்க்கவும்.
4. தூக்கக் கலக்கத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் திரையிட்டபோது, பாட்டியின் குரல் வந்த இடத்தில் அரங்கில் யாரோ "ஐயோ" என்றார்கள். அது போதும்.

அடுத்த மாதம் மயிலாடுதுறைக்குப் போய்ப் பாட்டிக்கு லேப்டாப்பில் படத்தைப் போட்டுக் காட்டினோம். முழுதும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, என் மூஞ்சியக் காணோமே?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். "போனாப் போவுது, இப்ப எடு" என்று முந்தானையைச் சரிசெய்து கொண்டு உட்கார்ந்தார். தீக்குச்சியைக் கிழித்தார். முகத்தைத் திருப்பினார்.

அந்த வீடியோ இப்போது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.