ஊர் ஒன்று, பெயர் பல

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. காலம், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த ஒரு மாணவருக்கு இத்தகைய நடுகற்களை ஆராய ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை பற்றி முன்பு யார் என்ன எழுதினார்கள் என்று தேடுவதுதான் முதல் வேலை. ஆய்வேட்டில் இதற்கு ‘ஆய்வு முன்னோடிகள்’ என்று பெயர்.

கூகுளில் ‘திருவண்ணாமலை மாவட்ட நடுகற்கள்’ என்று மட்டும் தட்டினால் பழைய நூல்கள், கட்டுரைகள் பலவும் தப்பிப்போகும். அந்த மாவட்டம் பிறந்ததே 1989இல்தான். தொல்லியல் துறை, இரா. நாகசாமியின் பதிப்பில் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்ட 1972இல் செங்கம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சங்க நூலான மலைபடுகடாத்தின் தலைவன் நன்னனைத் தேடிப் போனால் செங்கம் ‘செங்கண்மா’ ஆகிவிடும். நடுகல்லையே வீரக்கல் என்றும் நினைவுக்கல் என்றும் எழுதியவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே கணினியைத் திறக்குமுன் இத்தனை பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நல்ல நூல் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் அடிக்குறிப்புகள் பின்னோக்கி அழைத்துப் போகும். அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளைக் கூகுள் ஸ்காலர் காட்டும். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இணையதளம் இருக்கிறது. ஆனால் தமிழில் வந்தவற்றில் பெரும்பகுதி அந்த வலையில் விழாது. தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ போன்ற இதழ்களை நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் வீண்போகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பிறர் ஆய்வேட்டிலிருந்து நூற்பட்டியலை அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. படிக்காத நூலைப் படித்ததாகச் சொல்வது பொய்தான். நடுகல் ஆய்வில் அதன் கேடு இன்னும் பெரிது. தேய்ந்த எழுத்து ஒன்றை மாற்றிப் படித்தால் ஆளின் பெயரே மாறிவிடும். அதனால் குறிப்பெடுக்கும்போது, எழுதியவர் கல்லை நேரில் பார்த்தாரா, மைப்படியைப் பார்த்தாரா, இன்னொருவர் நூலை நம்பினாரா என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். பத்துக் கட்டுரைகளும் அந்த 1972 நூலிலிருந்தே எடுத்தவை என்றால் உங்கள் கையில் இருப்பது ஒரே சாட்சி. பாடங்கள் முரண்படும் இடத்தில், கல் இன்னும் அங்கே நிற்கிறதா என்று விசாரித்து, ஒருமுறை செங்கத்துக்குப் பேருந்து ஏறுங்கள்.