எல்வா நதியின் விடுதலை

அணை கட்டியவனைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் நாடு நம்முடைய நாடு. கல்லணையைக் கண்ட கரிகாலன் பெயரைக் காவேரிக் கரையில் இன்றும் குழந்தைகூடச் சொல்லும். அப்படியிருக்க, ஒரு தேசத்தார் கோடி கோடியாகப் பணம் செலவழித்துத் தங்கள் அணைகளைத் தாங்களே உடைத்துப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டால், "அவர்களுக்கு என்ன பைத்தியமா?" என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். அதுவும் மீன்கள் ஆற்றில் ஏறிப் போவதற்காக உடைத்தார்கள் என்றால் கேட்கவே வேண்டாம்! ஆயினும் நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்பார்களானால், ஏறக்குறைய நூறு வருஷத்துக் கடன் ஒன்று தீர்க்கப்பட்ட வரலாறு அது என்பது விளங்கும்.

நதியும் மீனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் ராஜ்யத்தில், ஒலிம்பிக் மலைத்தொடர் இருக்கிறது. அதன் பனிச் சிகரங்களில் பிறந்து, 45 மைல் தூரம் வடக்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கும் சிறு நதிதான் எல்வா. அளவில் சிறியதானாலும் மீன்வளத்தில் அது மகா நதி. பசிபிக் சமுத்திரத்துச் சால்மன் மீன்களில் ஐந்து இனங்கள் அந்த ஒரே நதியில் ஏறி வந்தன. ஆண்டொன்றுக்குச் சுமார் 4 லட்சம் மீன்கள் வந்திருக்கக்கூடும் என்பது நிபுணர்களின் மதிப்பு.

சால்மனுடைய வாழ்க்கை விசித்திரமானது. ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து பிறக்கிறது; குஞ்சுப் பருவம் தாண்டியதும் கடலுக்குப் போகிறது; அங்கே சில ஆண்டுகள் வளர்ந்த பின், பிறந்த ஆற்றை வாசனையால் அடையாளம் கண்டுகொண்டு எதிர்நீச்சலிட்டுத் திரும்பி வருகிறது. முட்டையிட்ட பின் பெரும்பாலும் அங்கேயே உயிரை விடுகிறது. அந்த உடல் கரடிக்கும் பறவைக்கும் உணவாகி, கரையிலுள்ள மரங்களுக்கும் எருவாகிறது. ஆகவே, மீன் வருவது நின்றால் மலைக்காட்டுக்கும் கடலிலிருந்து வரும் வரவு நின்றுபோகிறது.

அந்நதியின் முகத்துவாரத்தில் கிளாலம் என்னும் ஆதிக்குடிகள் தொன்றுதொட்டு வாழ்கிறார்கள். சால்மனே அவர்களுக்குச் சோறு, சால்மனே செல்வம். நதிக்கரையிலுள்ள ஒரு பாறையினிடத்திலேதான் தங்கள் குலம் சிருஷ்டிக்கப்பட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. 1855-ஆம் வருஷத்தில் அவர்கள் தங்கள் பூமியை அமெரிக்க சர்க்காருக்கு விட்டுக் கொடுத்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமை என்றும் அவர்களுக்கு உண்டு என்று அதில் வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

வாக்கு மீறப்பட்ட விதம்

தாமஸ் ஆல்டுவெல் என்ற முயற்சியாளர் 1910-இல் எல்வாவின் குறுக்கே அணை கட்டத் தொடங்கினார். மின்சாரம் உற்பத்தி செய்வது நோக்கம். 1912-இல் அணையின் அடித்தளம் பிய்த்துக்கொண்டு வெள்ளம் பாய்ந்தது. அதை அடைத்து, 1913-இல் 108 அடி உயரத்தில் அணையைக் கட்டி முடித்தார்கள். 1927-இல் அதற்கு மேலே கிளைன்ஸ் கான்யன் என்ற இடத்தில் 210 அடி உயரமுள்ள இரண்டாவது அணையும் எழும்பிற்று.

அணை கட்டுகிறவர்கள் மீன் ஏறிச் செல்ல வழி விட வேண்டும் என்று அந்த ராஜ்யத்தில் 1890-இலேயே சட்டம் இருந்தது. ஆயினும் எல்வாவில் வழி விடப்படவில்லை. அதற்குப் பதிலாக மீன்குஞ்சுப் பண்ணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகளே சம்மதித்தார்கள். அந்தப் பண்ணையும் 1922-இல் கைவிடப்பட்டது. நதியும் கிளைகளுமாக 70 மைலுக்கு மேற்பட்ட நீர்வழி அடைபட்டுப்போய், மீனுக்கு மிஞ்சியது அணைக்குக் கீழே 5 மைல் மாத்திரமே. லட்சக்கணக்கில் வந்த மீன் சில ஆயிரமாகச் சுருங்கிற்று. கிளாலம் மக்களின் புனிதப் பாறையும் ஏரியில் மூழ்கிப்போயிற்று.

அணைகளின் லைசென்ஸ் விஷயம் மத்திய சர்க்கார் முன்பு விசாரணைக்கு வந்தபோது, 1986-இல் கிளாலம் மக்களும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரும் அதில் குறுக்கிட்டு வாதாடினார்கள். அணைகளுக்கு மீன்ஏணி கட்டி லைசென்ஸ் பெறுவதற்கு ஆகும் செலவையும், கிடைக்கும் சொற்ப மின்சாரத்தையும் எடை போட்டுப் பார்த்தபோது, கணக்கு மீனின் பக்கமே சாய்ந்தது. 1992-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை எல்வா நதியை மீட்பதற்குச் சட்டம் இயற்றியது. 2000-ஆம் வருஷத்தில் சர்க்கார் இரண்டு அணைகளையும் சுமார் 3 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

இருபது வருஷ ஏற்பாடு

சட்டம் பிறந்தது 1992-இல். முதல் கான்கிரீட் துண்டு பெயர்ந்தது 2011-இல். இடையில் ஏன் இத்தனை காலம்? அணையை உடைப்பது ஒரு வெடிமருந்துப் பெட்டியின் காரியம் என்று நாம் நினைக்கிறோம். எல்வாத் திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 32½ கோடி டாலர். அதில் அணைகளை உடைக்கும் கண்டிராக்டுக்கு ஆனது சுமார் 2 கோடியே 70 லட்சம்தான். மீதியெல்லாம் உடைப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய காரியங்களுக்கு!

முதல் கவலை வண்டல். இரண்டு ஏரிகளிலும் சுமார் 3 கோடி டன் மணலும் சேறும் தேங்கிக் கிடந்தன. எல்லாவற்றையும் வாரி அப்புறப்படுத்துவது நடக்கிற காரியமல்ல. நதியையே சிறிது சிறிதாகக் கொண்டுபோக விடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படிச் செய்தால் என்ன நேரும் என்று பார்ப்பதற்காக, 1994-இல் மேல் ஏரியின் நீர்மட்டத்தை 18 அடி இறக்கிப் பரீட்சை நடத்தினார்கள்.

இரண்டாவது கவலை குடிநீர். போர்ட் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கும் அங்குள்ள ஆலைகளுக்கும் இந்த நதியின் ஜலமே ஆதாரம். ஆறு சேறாக ஓடும் காலத்தில் அவர்கள் கதி என்ன? ஆகவே, அணையில் கை வைப்பதற்கு முன்பே புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. ஆற்றுப் படுகை உயர்ந்து வெள்ளம் புகாதபடி கரைகள் பலப்படுத்தப்பட்டன. சேற்றில் மீன் இனமே அற்றுப்போகாதிருக்க, கிளாலம் மக்களுக்குப் புதிய குஞ்சுப் பண்ணை அமைக்கப்பட்டது. மீன்பிடிப்பதும் தடை செய்யப்பட்டது. கிளாலம் மக்களும் அதற்கு உடன்பட்டார்கள்.

2011 செப்டம்பரில் வேலை ஆரம்பமாயிற்று. மேலணையைப் படிப்படியாக வெட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, வண்டல் சமமாகக் கரைந்து செல்ல அவகாசம் கொடுத்தார்கள். மீன் ஆறேறும் மாதங்களில் வேலையை அடியோடு நிறுத்தினார்கள். 2012 மார்ச்சில் கீழணை மறைந்தது.

இவ்வளவு முன்யோசனைக்குப் பிறகும் தவறு நேராமல் இல்லை. 2012-இல் புதிய நீரெடுப்பு நிலையத்தில் சேறும் சருகும் அடைத்துக்கொண்டன. அதைச் சீர்ப்படுத்தும் வரையில், ஏறக்குறைய ஒரு வருஷம் மேலணை வேலை நின்றது. 2014 ஆகஸ்டில்தான் அது முடிவுற்றது. அதன் பின்னரும் மலையிடுக்கில் விழுந்து கிடந்த பெரும் பாறைகள் மீனை மறித்தபடியால், அவற்றையும் தகர்க்க வேண்டியதாயிற்று. சுதந்திரம் பெற்ற ஆறு தன் போக்கில் திரும்பி, மலைச்சாலை ஒன்றையும் அரித்துக்கொண்டு போயிற்று.

பலன்

வண்டலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஐந்து ஆண்டுகளில் இறங்கிவிட்டது. அதில் பெரும்பகுதி கடலோரத்தை அடைந்தது. அணைக்காலத்தில் மணலின்றிக் கரைந்துகொண்டிருந்த முகத்துவாரத்தில் புதிய திட்டுகள் எழுந்தன. ஏரி வற்றிய சுமார் 800 ஏக்கர் வெறுந்தரையில் அந்நாட்டு மரஞ்செடிகளையே நட்டும் விதைத்தும் காடு வளர்த்தார்கள்.

மீன்களோ யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. 2012-லேயே சால்மன் கீழணை இருந்த இடத்தைக் கடந்து முட்டையிட்டது. 2014-இல், மேலணையின் கடைசித் துண்டு அகன்ற சில வாரங்களுக்குள், அதற்கும் மேலே காணப்பட்டது. எல்லா இனங்களும் பழைய அளவுக்குப் பெருகிவிட்டன என்று சொல்வதற்கில்லை. நூறு வருஷத்து நஷ்டம் பத்து வருஷத்தில் ஈடாகுமா?

ஏரி வற்றியபோது கிளாலம் மக்களின் புனிதப் பாறை மறுபடி வெளிப்பட்டது. பாட்டன்மார் சொல்லக் கேட்டிருந்ததைப் பேரர்கள் 2012-இல் கண்ணாரக் கண்டார்கள். 2023 அக்டோபரில், பன்னிரண்டு ஆண்டுத் தடைக்குப் பின், அவர்கள் சடங்குக்காகவும் உணவுக்காகவும் எல்வாவில் மீண்டும் மீன் பிடித்தார்கள். 1855-இல் கொடுத்த வாக்கு அன்று ஓரளவேனும் நிறைவேறியது என்று சொல்லலாம்.

அணையெல்லாம் உடைபட வேண்டியவை என்பது இதன் பொருளன்று. வயலுக்கு நீர் தரும் அணைக்கும், பயன் குன்றிக் கிடக்கும் சுவருக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் எந்த அணையைக் கட்டும்போதும் யாருடைய வழி அடைபடுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம். 1910-இல் ஒருவர் அதைக் கேட்டிருந்தால், ஒரு மீன்வழி அமைக்கும் செலவோடு காரியம் முடிந்திருக்கும்.